அழைத்தால் எடுப்பேன்

கோடை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியதில் எனக்கு இல்லை என்று சொன்ன தமிழர் ஒருவர்கூட இல்லை. கல்விச்சபைத் தேர்தலில் நிற்கிறேன், வாக்குப் போடுவீர்களா என்று கேட்டால், "ஓம் ஓம், கட்டாயம்" என்பார்கள். அந்த ஓமை நம்பி நான் நன்றியுரைகூட எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எங்கள் சனம் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லாது என்பது இவ்வளவு காலம் அவர்களோடு சீவித்த எனக்குத் தெரியாததல்ல. நன்றாகத் தெரியும். ஆனால் தேர்தலில் நிற்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்து போய்விடுகிறது.

ஏன் நின்றேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சமூகசேவை என்றேன். அது பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. முழு உண்மை என்னவென்றால், என் வீட்டுத் தொலைபேசி அடிப்பது நின்றுபோயிருந்தது.

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் குசினிச் சுவரில் அந்தத் தொலைபேசி இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு ஸ்டூல். அது என் மனைவியின் இடம். பின்னேரமானால் அவள் அதில் இருந்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, மரக்கறி வெட்டியபடி ஊர் உலகமெல்லாம் கதைப்பாள். நான் எப்போதாவது எடுத்தால், "அக்கா நிக்கிறாவோ?" என்று கேட்பார்கள். கொடுத்துவிடுவேன். அவள் இறந்தபின் முப்பத்தோராம் நாள் காரியம் வரைக்கும் தொலைபேசி ஓயவில்லை. அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் முழுதாக நின்றது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்த அழைப்புகளில் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அது எனக்குப் பெரிய அடி.

மகள் வன்கூவரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்தொலைபேசியில் முகம் காட்டுவாள். ஒரு கண் என்னிலும் மற்றக் கண் கணினியிலும் இருக்கும். ஒவ்வொரு முறையும் மறக்காமல் ஒன்று சொல்வாள்.

"அப்பா, அந்த லான்ட்லைனை வெட்டுங்கோ. நோபடி யூசஸ் இற் எனிமோர்."

அவள் சொல்வது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.

தேர்தலில் நிற்கிற எண்ணம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மனைவி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடந்தே கொண்டுபோய் விட்டுவிட்டு, பிறகு வேலைக்கு ஓடுவாள். நான் அப்போதிருந்த கல்விச்சபை உறுப்பினருக்கு அழைத்தேன். பதிவு செய்யும் மெசின்தான் பேசியது. பெயரையும் இலக்கத்தையும் சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த கிழமையும் சொன்னேன், அதற்கடுத்த கிழமையும் சொன்னேன். மாரி முடியும் வரைக்கும் ஒருவரும் திருப்பி அழைக்கவில்லை.

"நீங்களும் அந்த மெசினும் நல்ல சிநேகிதமாயிட்டியள்," என்று மனைவி பகிடி பண்ணினாள்.

எனக்குப் பகிடியாக இருக்கவில்லை. பஸ் வராவிட்டாலும் போகட்டும். ‘முடியாது’ என்று சொல்லவாவது ஒரு மனிதக் குரல் வந்திருக்கலாம். அந்தக் குளிர்காலத்தில் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஆகவே சேவை என்பது பற்றி எனக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கள் ஆட்களிடையே சேவை என்றால் குத்துவிளக்கு, பொன்னாடை, அடுத்த கிழமைப் பத்திரிகையில் படம். நானும் அப்படிப்பட்ட மண்டபங்களில் பின்வரிசையில் இருந்து கைதட்டியவன்தான். ஆனால் பள்ளிக்கூடத்தை நடத்த ஆசிரியர்களும் அதிபர்களும் இருக்கிறார்கள். கல்விச்சபை உறுப்பினர் என்பவர், எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் நிற்கிற தாய் தகப்பனுக்குப் பதில் சொல்ல இருக்கிறவர். அவர் செய்யவேண்டிய முதல் வேலை, மணி அடித்தால் எடுத்து "சொல்லுங்கோ" என்பது. ஒருவர் அப்படிக் கேட்டாலே வந்த கரைச்சலில் பாதி இறங்கிவிடும். மிச்சப் பாதிக்குத்தான் கூட்டமும் தீர்மானமும் வேண்டும்.

துண்டுப்பிரசுரம் அடிக்கப் போனபோது இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். என் படம், பெயர், வீட்டுத் தொலைபேசி இலக்கம், கீழே ‘அழைத்தால் எடுப்பேன்’ என்ற ஒரு வரி. அச்சகத்துக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, உது காணாது. பெரிசா ஏதும் போடுங்கோ. எதிர்காலச் சந்ததி, அது இது எண்டு."

"எதிர்காலச் சந்ததி அடிச்சாலும் எடுப்பன். உதையே அடியுங்கோ," என்றேன்.

பிறகு நடக்கத் தொடங்கினேன். தமிழ் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. வாசலில் செருப்புக் குவியல் கிடக்கும். கதவுக்கு மேலே பிளாஸ்டிக் மாவிலை தொங்கும். யன்னலோரத்தில் ஒரு கறிவேப்பிலைச் சாடி வெயிலைத் தேடிக்கொண்டிருக்கும். மணியை அடித்தால் முதலில் யன்னல் சீலை அசையும், பிறகு கதவு திறக்கும். கல்விச்சபை உறுப்பினரை இங்கே ட்ரஸ்டி என்பார்கள். ட்ரஸ்டிக்கு நிற்கிறேன் என்றதும், "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்ட வீடுகள் பல. விளக்கம் சொல்லி முடிப்பதற்குள், "ஊரிலை எவடம்?" என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பிறகு கல்வியைப் பற்றி யார் கதைக்கிறார்கள்? என் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த அவர்களுடைய மச்சான் யாரோ ஒருவரை எனக்குத் தெரியுமா என்று பார்ப்பதிலேயே தேத்தண்ணீர் ஆறிவிடும்.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒருநாளில் எத்தனை வீட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன் என்று என் குடும்ப வைத்தியருக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றிருப்பார். ஆனால் எழும்பி வெளியே வந்து, பின்னால் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டதும், மறுபடியும் அந்தத் தனிமை வந்து தோளில் ஏறிக்கொள்ளும். அடுத்த வீட்டு மணியை அவசரமாகப் போய் அடிப்பேன்.

என்னைப்போல் இன்னொரு தமிழரும் அதே பதவிக்கு நின்றார். நாற்பது வயதிருக்கும், வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற முகவர். அவருக்கு, அவர் பெயர் அடித்த ரீசேர்ட் போட்ட இளைஞர் கூட்டமே இருந்தது. எனக்கு என் பழைய காரும் பின்சீற்று நிறைய மஞ்சள் அட்டைகளும். வீட்டு முன்புல்லில் குத்திவைக்கிற பெயர் அட்டைகள் அவை. எங்கள் ஆட்கள் லான் சைன் என்பார்கள். அவருடையது நீலம்.

ஒருநாள் ஒரு சின்ன வீட்டின் முன்னால் காரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். போன கிழமை நான் குத்திய மஞ்சள் அட்டைக்குப் பக்கத்தில், அதே புல்லில், அவருடைய நீல அட்டை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மணியை அடித்தேன். அந்த வீட்டில் தனியாக இருக்கிற, என்னைவிடச் சில வயது மூத்த ஓர் அம்மா கதவைத் திறந்தா.

"அக்கா, உது என்ன, ரண்டும் நிக்குது?"

"அந்தத் தம்பியும் வந்து கேட்டவர். எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது? நீங்கள் கேட்டு ஓமெண்டனான். அவர் கேட்டும் ஓமெண்டனான். உள்ளுக்கு வாங்கோ தம்பி, வெளியிலை காத்தடிக்குது."

என்னைத் தம்பி என்று யாரும் கூப்பிட்டு எவ்வளவோ காலம். அந்த ஒரு சொல்லில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. உள்ளே போனால், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் என் துண்டுப்பிரசுரமும் அவருடையதும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. அவ என்னுடையதை விரலால் தொட்டுக் காட்டினா.

"உண்மையாவே எடுப்பியளோ?"

"எடுப்பன்."

"ஆர் அடிச்சாலும்?"

"ஆர் அடிச்சாலும் அக்கா."

"என்ரை வீட்டிலை பள்ளிக்கூடம் போற பிள்ளையள் ஒருத்தரும் இல்லையே. மகன் ஒட்டாவாவிலை."

"பரவாயில்லை, அடியுங்கோ," என்றேன். அவ சிரித்தா. நானும் அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

தொலைபேசி அடிக்கவில்லை என்று சொன்னால் அது நீதியில்லை. இலக்கம் வெளியே போனபின் சில தடவை அடித்தது. ஒருவர் ஊரிலிருக்கிற தன் தம்பியை இங்கே கூப்பிட வழி கேட்டார். இன்னொருவர் பக்கத்து வீட்டு மரத்தைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு பெண்பிள்ளை, இங்கே பிறந்தவள் என்று முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"ஹாய் அங்கிள், ஸ்கூல் போர்ட் இலெக்‌ஷன் பற்றி ஒரு குயிக் கோல். எங்கட கான்டிடேற்றுக்கு வோட் பண்ணுவீங்களா?"

பெயரைக் கேட்டேன். அந்த வீட்டுக்கடன் தம்பிதான். அவருடைய எதிராளியின் வீட்டுக்கே அழைக்கிறாள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வைத்துவிடுவாள். அவள் தன் தலைவரின் கொள்கைகளை முழுவதும் வாசித்து முடிக்கும் வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்று கேட்டேன். கடைசியில், "ஓம் ஓம், கட்டாயம்" என்றேன்.

தேர்தலுக்கு முன்னால் நூலகத்தில் வேட்பாளர் கூட்டம் ஒன்று வைத்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேட்பாளர்களின் சொந்தக்காரர். எனக்குச் சொந்தக்காரர் யாரும் வரவில்லை. சமூகத்துக்குச் சேவை செய்வது என்பதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்த பெண்மணி, தான் செய்தவற்றை நிதானமாகச் சொன்னா. கெட்டிக்காரிதான், மறுக்க முடியாது. வீட்டுக்கடன் தம்பி தொலைநோக்கு, தலைமைத்துவம் என்று மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. என்னுடைய முறை வந்ததும் எழும்பி, "பெற்றோர் அழைத்தால் தொலைபேசியை எடுப்பேன். எடுத்து, கேட்பேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மேலே ஏதோ வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வாக்களிப்பு முடிகிற நேரம் ஆட்கள் வருவார்கள் என்று கடையில் ஒரு பெரிய தட்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி வைத்தேன். யார் வருவார்கள் என்று நினைத்தேனோ தெரியாது. முடிவு மிக விரைவாக வந்துவிட்டது. பதவியில் இருந்த பெண்மணியே வென்றா. வீட்டுக்கடன் தம்பி வெகு தூரத்தில் இரண்டாவது. நான் அவருக்கும் பின்னால். எங்கள் இரண்டு பேரின் வாக்கையும் ஒன்றாகக் கூட்டினாலும் அவவின் கிட்டவும் வராது. மகள் ஒரு இதயப் படம் அனுப்பினாள். நான் ரோல்ஸ் தட்டை மூடி ஃப்ரீஸருக்குள் வைத்தேன். நன்றியுரையை மறக்கத்தான் பல நாள் பிடித்தது.

தோற்றவனுக்கு இன்னுமொரு வேலை இருக்கிறது. குத்திய அட்டைகளைச் சுணங்காமல் பிடுங்கவேண்டும், இல்லாவிட்டால் நகரசபை தண்டம் அடிக்கும். அடுத்த நாள் முழுக்க மழைத் தூறல். ஒவ்வொரு வீடாகப் போய் ஈரப் புல்லிலிருந்து என் பெயரை நானே பிடுங்கினேன். கோடையில் மணி அடிக்குமுன் கதவு திறந்த வீடுகளில் இப்போது யன்னல் சீலை மட்டும் அசைந்தது. உள்ளே ஆள் நிற்பது தெரியும். வெளியே வந்தால் என் முகத்தைப் பார்க்கவேண்டுமே. வாசலில் அகப்பட்டுக்கொண்ட ஒருவர், அடிக்காத கைத்தொலைபேசியைக் காதில் வைத்து அவசரமாகக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. நீங்கள் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தேத்தண்ணீர் தாருங்கள் என்று கத்தவேண்டும்போல இருந்தது.

இரண்டு அட்டை நின்ற அந்தச் சின்ன வீட்டுக்குப் போனபோது, புல்லில் ஒருவர் குனிந்து நின்று நீல அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கடன் தம்பி. ரீசேர்ட் கூட்டம் ஒன்றையும் காணவில்லை. நல்ல சப்பாத்து முழுக்கச் சேறு.

"பெடியள் எங்கை?"

"எல்லாருக்கும் வேலை, ஸ்கூல் அண்ணை." கம்பி வரமாட்டேன் என்றது. நான் மறுபக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாக அசைத்துப் பிடுங்கினோம். பிறகு என்னுடையதை அவர் பிடுங்கித் தந்தார்.

"நீங்கள் நிண்டிருக்காட்டி..." என்று தொடங்கினார்.

"தம்பி, கூட்டிப் பாத்தனீரோ?"

"பாத்தனான்." சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "காணாதுதான்."

அந்த நேரம் கதவு திறந்தது. அன்றைக்கு முழுவதும் எனக்காகத் திறந்த ஒரே கதவு அது.

"ரண்டு பேரும் ஏன் மழையிலை நிக்கிறியள்? வாங்கோ உள்ளுக்கு."

அவவின் குசினி மேசையில் நாங்கள் இரண்டு பேரும் ஈரமாக இருந்தோம். தேத்தண்ணீரும் பயற்றம் பணியாரமும் வந்தன. அவ குற்றம் செய்த பிள்ளைபோலச் சொன்னா.

"நான் ரண்டு பேருக்கும் போட்டனான்."

"ஒராளுக்குத்தானே அன்ரி போடலாம்?" என்றார் தம்பி.

"தெரியும். ரண்டு பேருக்கும் ஓமெண்டு சொல்லிப்போட்டு, ஒராளை விட ஏலுமே? ரண்டு பேரிலையும் கோடு கீறிப்போட்டன். சீட்டுப் போடுற அந்த மெசின் கீச்செண்டு கத்தினது. அங்கை நிண்ட பிள்ளை வந்து, உது செல்லாது, வேறை சீட்டுத் தாறன், ஒராளுக்கு மட்டும் போடுங்கோ எண்டு சொன்னது. வேண்டாம் பிள்ளை, உதையே போடு எண்டிட்டன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த வட்டாரம் முழுவதிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவதான், அதனாலேயே அவவின் வாக்கு குப்பைக்குள் போனது. தம்பி எழும்பும்போது அவவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நல்ல பிள்ளை. காரில் ஏறுமுன், "வீட்டை ஒருக்கா வாங்கோ அண்ணை" என்றார். நான் ஓம் என்றேன். அது எந்த ஓம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு பனி வந்தது. மஞ்சள் அட்டைகளை பேஸ்மென்ரில் அடுக்கினேன். தொலைபேசி மறுபடியும் பேசாமல் போனது. தோற்றவனுக்கு யார் அழைப்பார்கள்? குப்பை எடுக்கவில்லை என்று முறைப்பாடு சொல்லக்கூட ஒருவரும் இல்லை. அழைத்தால் எடுப்பேன் என்று தெருத் தெருவாகச் சொல்லித் திரிந்தவன், அடிக்காத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பாண் தின்றேன். பதவி கிடைக்காதது எனக்குக் கவலையில்லை. ஒருவருக்காவது நான் தேவைப்படுவேன் என்று நினைத்தேனே, அதுதான் வலித்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வழக்கமானதைச் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை.

"சரி பிள்ளை. நாளைக்குச் சொல்லி வெட்டிவிடுறன்."

"ரியலி?" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடத் துக்கம்தான் தெரிந்ததுபோல் இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

திங்கட்கிழமை காலை தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். குடித்துவிட்டு, கைத்தொலைபேசியில் கொம்பனிக்கு அழைத்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கேத்தில் சத்தம்போடத் தொடங்கியபோது சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. புகைபோக்கி சுத்தம் செய்யவா என்று எல்லா வீட்டுக்கும் அடிக்கிற விளம்பரக்காரராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். என்றாலும் சொன்ன சொல் இருக்கிறது. எடுத்தேன்.

"ஹலோ?"

"தம்பி, நான்தான். ரண்டு பேருக்கும் போட்டனான்."

"அக்கா! சொல்லுங்கோ. என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டுமில்லை. எடுக்கிறியளோ எண்டு பாத்தனான்."

அடுப்பை நிறுத்தினேன். அந்த ஸ்டூலை, மனைவி போனபின் யாரும் இருக்காத அந்த ஸ்டூலை, காலால் இழுத்தேன்.

"தம்பி? இருக்கிறியளோ?"

"இருக்கிறன் அக்கா," என்று சொல்லி, அதில் இருந்தேன்.